ஆமிக்கு ஓடியவர்

பரமத்தி வேலூர் டீக்கடைகளில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. அகதி முகாம் உபகாரசாமி, கார்கில் போரில் பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவராம். இலங்கை அகதியைப் பட்டாளத்தில் சேர்த்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் டீ ஆறிவிடும்.

லாரிச் சங்கத்தில் கணக்கு எழுதும் கலைமணிக்குத்தான் தலைவலி. அந்தப் போரில் ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுபோன டிரைவர்களுக்குச் சுதந்திர தினத்தில் பொன்னாடை. ஓடிப்போனவனுக்கெல்லாம் கிடையாது என்று சங்கத் தலைவர், பட்டியலில் இருந்த உபகாரசாமி பேரை அடித்துவிட்டார். விசாரிக்காமல் அடிப்பதாவது என்று கலைமணி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனாள்.

எழுபதைத் தொடும் உபகாரசாமி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கய்யா, நீங்க ஓடுனது நெசந்தானுங்களா?"

"ஓம் பிள்ளை, ஆமிக்கு ஓடினனான். பதான்கோட்டில இருந்து மேல, பதினொரு நாள்."

"மேலயா? ஓடறவங்க கீழதானுங்க வருவாங்க."

உள்ளேயிருந்து மனைவி இன்பமேரி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஆமிக்கு, அதுதான் பட்டாளத்துக்கு, லொறி ஓடினவர் பிள்ளை. நீங்கள் ஓட்டுறது எண்டுவியள், நாங்கள் ஓடுறது எண்டுவம்."

முப்பத்தைந்து வருஷம் காவிரித் தண்ணீர் குடித்தும் கரையாத ஒரு சொல், டீக்கடையில் அவர் மானத்தை வாங்கியிருந்தது.

அதன்பின் கீரை அப்படியே கிடந்தது. உருளைக்கிழங்கு மூட்டையோடு லாரி முக்கி முக்கி ஏறிய மலைப்பாதை, நாக்கில் ஒட்டும் இனிப்பு டீ என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் ஊரில் இல்லாத அந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை முகாமில் ஆள் எண்ண வந்த அதிகாரியிடம், இரண்டு தடவையும் அவர் கக்கூஸில் இருக்கிறார் என்றாளாம் இன்பமேரி. ஒரு நாட்டில் ஆமியைக் கண்டு நிஜமாகவே ஓடியவர், இன்னொரு நாட்டின் ஆமிக்காரன் தோளில் கைபோட்டபோது ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாராம்.

கலைமணி பேரைத் திரும்ப எழுதினாள். தலைவரும் மூன்று தடவை விளக்கியபின் ஒப்புக்கொண்டார்.

சேதி சொல்லப் போனவளிடம் உபகாரசாமி வேறொன்று கேட்டார். "குளிருக்குத் தன்ர சுவெட்டரைக் கழட்டித் தந்த ஆமிக்காரன் ஒருத்தன். வேலூர் வெத்திலை அனுப்புறன் எண்டனான். விலாசக் கடதாசி மழையில நனைஞ்சு போச்சு. உங்கட சங்கத்தால தேடேலுமோ?"

பேர் குர்மீத், ஊர் ஏதோ ஒரு 'பூர்'. பஞ்சாப் பக்கம் போகும் டிரைவர்களிடமெல்லாம் கலைமணி சொல்லி வைத்திருக்கிறாள். இதுவரை நான்கு குர்மீத்கள் கிடைத்தார்கள். ஒருவரும் பட்டாளத்தில் இருந்ததில்லை. வெற்றிலை மட்டும் வேண்டுமாம்.