முட்டிக்கு அளவெடுக்கிறவள்

முட்டிவலி என்று வருகிறவரிடம் முட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளக்கிறவள்தான் பிசியோதெரபிஸ்ட். உங்களில் பாதிப் பேர் இதற்காக என் மீது கோபப்பட்டிருப்பீர்கள்.

நாடா

அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வராணி அக்கா நுவரெலியாவுக்கு என்னிடம் வந்தார். சரிவில் இறங்கும்போது வலது முட்டி உள்பக்கமாக மடிந்து விழுந்திருக்கிறார். இனி மலைக்கு வேண்டாம், நாற்றுமேடை வேலையே போதும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். அவருக்கோ மலைதான் உயிர். இடுப்பகலம், கால் நீளம், தொடைச் சுற்றளவு என்று நான் நாடாவைப் பிடிக்க, அசையாமல் நின்றார். முடிந்ததும் சங்கடத்தோடு சொன்னார்: "துணி ஒண்ணும் கொண்டாரலைங்களே, மிஸ்."

மணல் பை

இடுப்பு அகன்றால் தொடை சாய்வாக இறங்கும். முட்டியும் உள்ளே போகப் பார்க்கும். எலும்பை நான் மாற்ற முடியாது. முட்டியை நேராகப் பிடித்து வைக்கிற தொடைத் தசையை வளர்க்கலாம், அதில் நான் கெட்டிக்காரி.

அக்காவின் வலது தொடை மெலிந்திருந்தது. கணுக்காலில் மணல் பையைக் கட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டச் சொன்னேன். முதலில் நடுங்கியது. வாராவாரம் வந்தார், பையும் கனத்தது. ஒருநாள் ஐந்து கிலோவைத் தூக்கிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, "அஞ்சு கிலோ!" என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னேன். கொழுந்து நிறுக்கும்போதெல்லாம் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதைப் பார்த்துப் பழகியவர் சந்தேகமாகக் கேட்டார்: "பைக்கு எவ்வளவுங்க கழிச்சீங்க?"

சரிவு

தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி, முட்டி சரியானதை நம்பவில்லை. மறுபடி விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லீவு போட்டு நானே மலையேறினேன். அக்கா வழக்கமாகப் பறிக்கும் செடி நிரையில் வேறொருத்தி பறித்துக்கொண்டிருந்தாள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழையில் ஊறிய சரிவில் அக்கா இறங்கினார். முட்டி ஒரு தடவைகூட உள்ளே சாயவில்லை. எனக்குக் கண் கலங்கியது. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரச் சொன்னார் கங்காணி. அக்காவுக்கு அது போதவில்லை: "வேற நெரையக் குடுத்துராதீங்க அண்ணே, எனக்கு இதுதான் வேணும்."

அன்று அந்தச் சரிவில் விழுந்து எழும்பியது நான் மட்டும்தான் என்றாலும், சேற்றுச் சேலையோடு தலை நிமிர்ந்தே பஸ் ஏறினேன்.