மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் வேப்பிலை

ஊர் முழுக்கப் பெரியம்மை பீதி. மாம்பலத்தில் தெருத் தெருவாக வந்து அம்மை குத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது சின்னம்மைதான். இருபத்திரண்டு வயதில் வந்தால் அதுவே உயிரை வாங்கிவிடும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைக் கிடங்கில் சித்தப்பா என்னைப் பலாத்காரம் செய்திருந்தார். அப்பாவின் தம்பி. கடை அவருடையது, விலைச்சீட்டு எழுதும் வேலை எனக்கு. அப்பா போன பிறகு எங்கள் அடுப்பு எரிந்ததே அவரால்தான். அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடுடி, யார் காதுலயாவது விழப்போகுது" என்றாள். மறுநாளும் டிபன் கட்டிக் கடைக்கு அனுப்பினாள். அந்த டிபன் டப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மை கண்டதும் வாசலில் வேப்பிலை கட்டினாள். அம்மை கண்டவள் எது கேட்டாலும் மறுக்கக் கூடாது, கேட்பது மாரியாத்தா. நான் அடுப்புக்கரி கேட்டேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். படுத்த இடத்திலிருந்தே சுவரில் வரைந்தேன். துணிக்கட்டுகள், சாத்திய கதவு, இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் ஓர் ஆள், மூலையில் நான். எனக்கு வரையவே தெரியாது. சாவிக்கொத்து மட்டும் அச்சு அசலாக வந்துவிட்டது.

பக்கத்துப் போர்ஷன் பூக்கார அக்கா, ஏற்கெனவே அம்மை கண்டவள், வேப்பிலையால் விசிறிவிட வருவாள். "இன்னா கண்ணு இது?" என்றாள். படத்தின் மேல் கைவைத்துக் கைவைத்து, கதையாகச் சொன்னேன். அம்மா கதவோரம் நின்றாள். அதட்ட முடியாதே, பேசுவது ஆத்தா அல்லவா! அக்கா வேப்பிலையைக் கீழே வைத்தாள். அப்புறம், "எனக்கும் ஒண்ணு கீது. போடு கண்ணு. ஆளு குட்டை, கையில கொடை" என்றாள். போட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மை இறங்கிவிட்டதென்று மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாளன்று வருவதாகச் சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாளே நான் கடைக்குத் திரும்ப வேண்டுமாம். அன்று எனக்குத் தலைக்கு ஊற்றிய கையோடு, அம்மா சுண்ணாம்பு கரைத்துச் சுவர் முழுக்க அடித்துவிட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

அவர் இளநீரோடு வந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள். காய்ந்ததை அவிழ்த்துவிட்டுப் புது வேப்பிலை கட்டியிருந்தாள்.

"மூணு தண்ணி ஊத்தியாச்சுன்னாங்களே, அண்ணி?"

"ஆத்தா இன்னும் எறங்கலை. உள்ள வரக் கூடாது, தம்பி."

இளநீரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒருநாளும். அக்காவோடு உட்கார்ந்து பூத்தொடுத்து எங்கள் அடுப்பை எரித்தாள். வாரம் தவறாமல் வேப்பிலையை மாற்றினாள். அவர் சாகும்வரை எங்கள் வீட்டில் ஆத்தா இறங்கவே இல்லை.