வெயிலில் வைத்த பச்சை

ஹில்க்காவைப் போலக் கறாரான ஆளை எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பார்க்க முடியாது. ஏரித் தண்ணீரை வெள்ளைத் தாளில் வடிகட்டுவாள். தாளில் தங்கும் பச்சையை ஆல்கஹாலில் ஊறவைத்து, அதன் நிறத்தைக் கருவியில் அளப்பாள். பச்சையம் எவ்வளவோ, பாசியும் அவ்வளவு. ஆனால் வெளிச்சம் பட்டால் பச்சையம் அழிந்துபோகும், எண் குறைந்துவிடும். அதனால் திரையை இழுத்துவிட்டுத்தான் வேலை. யாராவது கதவை அகலத் திறந்தால் போச்சு, காது கிழியும். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நானும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவளைத் தடம் மாற்றியவன் அவள் அண்ணன் வெய்க்கோ. கைஸ்லாயார்வி ஏரிக்கரையில் ஆறு மரவீடுகளைக் கோடையில் வாடகைக்கு விடுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்பு, நடுக்கோடை யுஹன்னுஸ் பண்டிகை நெருங்கும் சமயத்தில் வந்து நின்றான்.

"பாசின்னு போர்டு மாட்டினா ஒரு பய வரமாட்டான் ஹில்க்கா. இந்த ஒரு வருஷம் மட்டும் பாத்துக்கோ."

"எண்ணை மாத்தி எழுதவே மாட்டேன். போ அந்தப் பக்கம்!"

மாற்றி எழுதவில்லைதான். வடிகட்டிய தாளை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள். நாற்பதைத் தாண்டவேண்டிய எண், பத்தொன்பதில் வந்து நின்றது.

ஒரு வருஷத்தோடு முடிந்ததா? அடுத்த கோடையில் உண்மையை எழுதினால் எண் எகிறும். எகிறினால் மேலிடத்து ஆள் வந்து பழைய அறிக்கைத் தாள்களைக் கிண்டுவான். ஆகவே மறுபடியும் வெயில். பாசி கூடக் கூட அவள் காபி நேரமும் நீண்டது. ஐயோ பாவம், சிரிப்பையே மறந்துபோனாள்.

இந்த ஜூலையில் கெட்டுப்போன ஏரிகளைச் சுத்தப்படுத்த அரசாங்கம் முன்வந்தது. எங்கள் ஏரியைச் சேர்க்கவில்லை. எங்கள் எண்களின்படி அது நல்ல ஏரி. அதே வாரம் வெய்க்கோவின் நாய் பாசி விஷமேறிய அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்தது. நேராக இங்கே வந்து கத்தினான்.

"தண்ணி பட்டாணி சூப் மாதிரி கெடக்கு! உள்ளதை எழுதித் தொலையேன்!"

"எழுதினா என் வேலை போகும். எழுதாட்டி அடுத்து யாரு சாகப்போறாங்க, சொல்லு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ஹில்க்கா அன்று எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். மறுநாள் அளந்தபோது தொண்ணூற்றொன்று. அதை எழுதி, மூன்று வருஷத்துப் பொய்யையும் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போகாது. சரிபார்ப்பது நான். அந்த மூன்று வருஷமும் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

"போடு கெர்ட்டு. மூச்சு முட்டுது எனக்கு."

"பென்ஷனுக்கு இன்னும் ரெண்டே வருஷம்டி எனக்கு."

என்னையே பார்த்தாள். "நான் மட்டும்தான் மாட்டிக்கிட்டேன்னு இத்தனை நாளா நெனச்சேன்" என்றாள்.

ஒரு வாரமாகிறது. தாள் என் மேஜைமேல் கிடக்கிறது. தினமும் பேனாவை எடுக்கிறேன், மூடி வைக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஏரியில்தான் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.