மண்டபத்தின் முகப்புப் பக்கம்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பயோடேட்டா அடிப்பது, ஈமெயில் அனுப்பித் தருவது, இடையிடையே சிறு கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது. வெப்சைட் கேட்டு வந்த எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்க வேண்டும். மேலே சாமி படம், கீழே குடும்பத்துப் பெரியவர் படம், ஓடுகிற எழுத்தில் வரவேற்பு, திறந்ததும் நாதஸ்வரம். போன் நம்பர் எல்லாவற்றுக்கும் கீழே, பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் இருக்குமே, அந்த இடத்தில்.

நான் வாதாடுவதில்லை. அதற்கான பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது. கேட்டபடியே செய்து, சென்டரின் மூலையில் இருந்த ஆமை வேகக் கணினியில் திறந்து வைப்பேன். அந்த நேரத்தில் யார் இருக்கிறார்களோ அவரை உட்காரவைத்து, உங்களுக்கு வேண்டியதை இதில் கண்டுபிடியுங்கள் என்பேன். வெப்சைட்டின் சொந்தக்காரரும் நானும் பின்னால் நிற்போம். இருவரும் வாய் திறக்கக் கூடாது.

துறையூர் சாலையில் கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவர் ஒரு நாள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது. ஊரில் புதிதாக ஏ.சி. மண்டபம் வந்ததிலிருந்து, முகூர்த்த நாளில்கூட அவருடையது பூட்டிக் கிடந்தது. மக்காச்சோளம் அடுக்கக் குடோனாகக் கேட்கிறார்கள், இந்த வருடமும் இப்படியே போனால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அவருடைய அப்பா கட்டிய மண்டபம் அது. எங்கள் பக்கத்து லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் பிள்ளைகள் அரபு நாட்டில் இருந்துகொண்டே நெட்டில் மண்டபம் தேடுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கல்யாணங்களைப் பிடிக்கத்தான் அவருக்கு வெப்சைட்.

முகப்பில் அப்பாவின் படம் பெரிதாக வேண்டும் என்றார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற கவுண்ட்டரும் வேண்டும். எல்லாம் போட்டேன்.

அன்று மூலைக் கணினியில் உட்கார்ந்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் இருந்த மகனுக்கு மெயில் அனுப்ப வாரம் தவறாமல் வருபவர். மகன் லீவில் வந்ததும் நிக்காஹ், அதற்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தார். பெரியவர் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் தலை, பிறகு விபூதி, பிறகு மீசை. அவர் மரியாதையாகக் காத்திருந்தார். பக்கத்தின் அடிவரை போனார், திரும்ப மேலே வந்தார், மறுபடி அடிக்குப் போனார்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரியாணி ஆக்க வுடுவாங்களா, மாட்டாங்களா? அதை எங்க போட்டிருக்கு?"

மண்டபக்காரர் முகம் சுருங்கிவிட்டது. அவர் அப்பா இருந்தவரை காம்பவுண்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. இவரும் அதை மாற்றவில்லை. மாற்றாமலேயே அந்தக் கல்யாணங்கள் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். மெயில்காரர் எழுந்து போனதும், பிடி கொடுக்காமல் ஏதாவது எழுதேன், போன் பண்ணி வரட்டும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வழவழா கொழகொழா என்று எழுதினால், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து நெட் பார்ப்பவன் அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவான் என்றேன். ஆமாவா இல்லையா என்று நீங்கள் சொன்னால்தான் நான் எழுத முடியும் என்றேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கிளம்பிப் போய்விட்டார். ஆள் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வந்தார், உட்காரக்கூட இல்லை.

"ஆக்கலாம்னு போட்டுரும்மா. ஆனா எங்கப்பா படம் இருக்கற பக்கத்துல மட்டும் அதைப் போட்டுறாத."

வெப்சைட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தேன். முகப்பில் வெள்ளையில் கறுப்பு எழுத்து மட்டும்: மண்டபத்தின் பெயர், போன் நம்பர், எத்தனை பேர் உட்காரலாம், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், சைவம் அசைவம் இரண்டும் சமைக்கலாம். மூலைக் கணினியிலும் சட்டென்று திறந்தது. பெரியவர், ஓடுகிற எழுத்து, நாதஸ்வரம், கவுண்ட்டர் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. அதற்கு வழி, முகப்பின் அடியில் சின்னதாக ஒரு லிங்க்.

ஷார்ஜாப் பிள்ளையின் நிக்காஹ் அங்கேதான் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். பிரியாணி வாசனை பஸ் ஸ்டாப் வரை வந்தது. மண்டபக்காரர் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார், சமையல்கட்டுப் பக்கம் போகவில்லை. அதன் பிறகு குடோன் பேச்சு எழவில்லை.

ஆனால் அமாவாசைதோறும் காலையில், ஈரத் தலையும் விபூதியுமாக அவர் சென்டருக்கு வர ஆரம்பித்தார். மூலைக் கணினியில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். ஒருமுறை, வேகமான கணினி காலியாக இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றேன்.

"இருக்கட்டும்மா. மெதுவாவே வரட்டும்."

தலை, விபூதி, மீசை. படம் முழுதாக இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று கனமான படம் எதையும் விட்டுவைக்காத நான், அந்த ஒன்றை மட்டும் சிறிதாக்கவே இல்லை. கீழே கவுண்ட்டரில் மாதத்துக்கு ஒன்று கூடும். அது அவர் வந்துபோன கணக்குதான்.