ஒரே பக்கத்தில் அக்காவும் நானும்

எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையை நான்தான் வடிவமைத்தேன். அதில் அத்தான் பெயர் விட்டுப்போனது. அக்கா கேட்டபோது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "இடம் பத்தலக்கா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றோடு பேச்சு நின்றது. நான் இருக்கும் தொண்டிக்கும் அவள் டீச்சராக இருக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் ஒரே பஸ்தான். நாலு வருடமாக இரண்டு பேருமே அதில் ஏறவில்லை.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தது. பத்திரிகை வேலை மறுபடி என் தலையில். இணையத்திலேயே வடிவமைக்க இரண்டு ஓப்பன் சோர்ஸ் கருவிகளைப் பார்த்து வைத்திருந்தேன். இரண்டும் யாரோ உழைத்து எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுத்தவை. ஒன்று மளமளவென்று ஓடும், ஆனால் ஒருவர்தான் வேலை செய்யலாம். மற்றது எங்கள் ஊர் நெட்டுக்கு ஆமை வேகம். ஆனால் இரண்டு பேர் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே பக்கத்தில் வேலை பார்க்கலாம். எனக்கு முதலாவதுதான் பிடித்தது.

தம்பி விடவில்லை. "ரெண்டாவதுலயே செய்யிக்கா. பெரியக்காவும் பாக்கட்டும். இந்தத் தடவையும் பேரு விட்டுப்போச்சுன்னா அவ கல்யாணத்துக்கே வரமாட்டா."

முணுமுணுத்துக்கொண்டே அவளுக்கு லிங்க்கை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பெயர் ஒட்டிய அம்புக்குறி ஒன்று திரையில் வந்து நின்றது. அழைப்பவர்கள் வரிசையில் அத்தான் பெயரை முதலில் போட்டேன், என் வீட்டுக்காரர் பெயரைக் கீழே போட்டேன். அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. கீழே இருந்த பெயரை இழுத்து வந்து அத்தான் பெயருக்குப் பக்கத்தில், ஒரே வரியில் வைத்தது. அப்புறம் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் "சாப்டியா?" என்று விழுந்தது.

அழுதுவிட்டேன். "இன்னும் இல்லக்கா. அன்னைக்கு நான் பேசுனது தப்பு" என்று அதற்குக் கீழே அடித்தேன்.

மறுநாள் அச்சகத்துக்காரர் போன் செய்தார். "என்னம்மா, ஓரத்துல சாப்டியா, இன்னும் இல்லன்னு என்னமோ கெடக்கு. அதையும் அடிக்கணுமா?"

"அது பத்திரிகைக்கு இல்லண்ணே. எடுத்துருங்க."

அக்கா கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டாள். அந்தக் கருவியை எழுதியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, தொண்டி எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் நன்றாக இருக்கட்டும். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரத்து வரிகளை நான் அழிக்கவில்லை. அழிக்க அக்காவாலும் முடியும். அவளும் அழிக்கவில்லை.