பஞ்சுப் பேட்டையின் பாட்டரி வண்டி

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், தூத்துக்குடிக்கு மறுபடி பஞ்சுக் கப்பல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. நான் அப்போது ஒரு பஞ்சுப் பேட்டையில் எலெக்ட்ரீஷியன். பஞ்சை மிஷினில் அமுக்கிப் பொதியாகக் கட்டிக் கடற்கரைக்கு அனுப்புகிற இடம் அது. அங்கிருந்து தோணிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு, தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள்.

பேட்டைக்குள் ஒரு பீடித் துண்டு கிடந்தால் போதும், அன்றைக்கு ஒருவன் சீட்டுக் கிழியும். அத்தனை பஞ்சுக்கு நடுவில் பெட்ரோல் வண்டியை யார் விடுவார்கள்? அதனால் சண்டைக்கு முந்தியே சீமையிலிருந்து ஒரு பாட்டரி வண்டி வரவழைத்திருந்தார்கள். நாலு சக்கரம், தட்டையாக ஒரு மேடை, முன்னால் ஓட்டுகிறவர் உட்கார ஒரு பலகை. மேடைக்கு அடியில் இரண்டு வரிசையாகப் பாட்டரி செல்கள். புகையும் கிடையாது, சத்தமும் கிடையாது. பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது என்று பஞ்சு பொறுக்கும் பெண்கள் திட்டுவார்கள்.

அந்தப் பலகையில் உட்கார்ந்து ஓட்டியவர் என் அக்காளின் வீட்டுக்காரர். சண்டை வந்து கப்பல் நின்றதும் வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டு, அத்தானைப் பொதி சுமக்க அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் ஒரு பொதி சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. பிழைத்ததே பெரிசு. அதற்குப் பிறகு அவரால் சுமை தூக்க முடியவில்லை, உப்பளத்தில் குனிந்து வார முடியவில்லை, கடையில் நாள் பூராவும் நிற்கவும் முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்தார். அந்தப் பெட்டிகளில் ஒன்றாவது நேராக நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அக்காள் பேட்டைக்குப் பஞ்சு பொறுக்க வந்தாள். அவள் கூலியில்தான் வீடு நடந்தது.

கப்பல் பேச்சு வந்ததும் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த வண்டிய ஓட வச்சிரு. ஓடினா உன் அத்தானுக்குப் பழைய வேலை. கப்பல் வர்றதுக்குள்ள ஓடலைன்னா, ஈயத்துக்குப் போட்டுருவேன்." புன்னைக்காயல் மீனவர் ஒருவர், செல்லில் இருக்கும் ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு செய்யலாம் என்று ஏற்கெனவே இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் மேல் என்ன தப்பு? ஆனாலும் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தானும் நானும் கொட்டகையைத் திறந்தோம். கதவுக்குப் பூட்டுக்கூட இல்லை, கயிற்றால் கட்டியிருந்தது. மேடையின் பின்பாதி மேல் சாக்குக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அவற்றை இறக்கி, பின் மூடியைத் தூக்கினேன். செல்களெல்லாம் எலும்பாய்க் காய்ந்து கிடந்தன. தட்டுகளில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. அத்தான் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததால், முன் மூடியைத் தூக்கினேன்.

முன் வரிசையில் தட்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷம் திறக்காத பாட்டரி எப்படி வற்றாமல் இருக்கும்? ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சினேன். பாட்டரியில் சார்ஜ் இருந்தால் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி நிற்கும். இதிலோ அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சார்ஜ் சுத்தமாக இல்லை, ஆனால் தண்ணீர் இருக்கிறது.

மத்தியானம் அக்காள் கஞ்சி கொண்டுவந்தாள். நாங்கள் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு ரெண்டு பேரும் முழிக்கிய? நான்தான் ஊத்தினேன்" என்றாள்.

"என்னத்த ஊத்தின?"

"தண்ணிதான். தண்ணி வத்தினா பாட்டரி செத்துரும்னு அவுகதான எப்பமும் சொல்லுவாக. அதான் கொட்டகையப் பெருக்க வரும்போதெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தினேன். பின்னால மூட்டை கெடந்துச்சு, தூக்க முடியல. முன்னால மட்டும் ஊத்தினேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் காட்டக்கூடாது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். "ஏன்க்கா, ஒனக்குக் கிறுக்கா? தண்ணியில உப்பு இருந்தா தட்டையே தின்னுருமே! வண்டிய ஒரேயடியாக் கொன்னுட்டு வந்து நிக்கியே!" என்று கத்தினேன். பஞ்சு பொறுக்கும் பெண்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அக்காளுக்கும் என்னைப் போலவே மூக்குக்கு மேல் கோபம். "ஏலே, நான் என்ன கெணத்துத் தண்ணியா ஊத்தினேன்? ஆத்துத் தண்ணிடா! வீட்ல சோறு கெணத்துத் தண்ணியில பொங்கிட்டு, குடிக்கிற தண்ணிய இதுக்குக் கொண்டாந்தேன்" என்றாள்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது என்ன பேச்சு என்று தெரியும். கிணறு தோண்டினால் உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகும். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்க வேண்டும். விருந்தாளிக்கு மோர் கொடுப்பதைவிட ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதுதான் மரியாதை. அதைத்தான் அவள் வண்டிக்குக் கொடுத்திருக்கிறாள். அத்தான் கஞ்சியைக் குடிக்காமல் எழுந்து வெளியே போனார்.

கோபம் இறங்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஆற்றுத் தண்ணீர் கெடுதல்தான். ஆனால் காற்றுப் பட்டுத் தட்டு காய்வது அதைவிடப் பெரிய கெடுதல். பின் வரிசை அதற்குச் சாட்சியாகக் கிடந்தது. முன் வரிசை செத்ததா, மயங்கிக் கிடக்கிறதா என்பது கரண்டைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் காரியமாகச் செல்களைப் பஞ்சை விட்டு விலக்கி, வெளிச்சுவர் ஓரமாகக் கீற்றுப் பந்தலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். பேட்டையில் டைனமோ இருந்தது. அதிலிருந்து வரும் கரண்டை ஒரு பலகையில் வரிசையாக மாட்டிய பல்புகள் வழியாகக் கொஞ்சமாக இறக்கி விட்டேன். நிறைய பல்பு போட்டால் நிறைய கரண்டு, குறைத்தால் குறைச்சல். நாள்பட்டுக் கிடந்த பாட்டரிக்கு அவசரம் ஆகாது. பட்டினி கிடந்தவனுக்கு முதலிலேயே விருந்து வைத்தால் வயிறு தாங்குமா? ஒரே ஒரு பல்பு மட்டும் போட்டேன்.

நாள் நாளாக ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் காலையிலேயே வந்து ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து செல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மாப்ள, ஏதாவது தெரியுதா?" என்பார். "பாத்துக்கிட்டே இருந்தா ஏறிருமா?" என்று நான் எரிந்து விழுவேன். அத்தான், கம்பி மாட்டும் முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, சுரண்டி, வாசலின் தடவினார். அந்த வேலையில் அவரைப் போல் சுத்தம் யாருக்கும் வராது. குறைந்த தண்ணீருக்கு மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினோம். அக்காள் அந்தச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல அப்படி என்ன இருக்கு?" என்றாள். "ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் துட்டு" என்றேன். வெகு நாளைக்குப் பிறகு அத்தான் சிரித்தது அப்போதுதான்.

பிறகு ஒரு நாள் ஹைட்ரோமீட்டரின் மிதவை அடியை விட்டு அசைந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பாதி ஏறியதும் அந்தச் சார்ஜை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், அதற்குப் பிறகு இன்னொரு தடவை. ஒரு மத்தியானம் முன் வரிசைச் செல்கள் எல்லாம் சார்ஜ் நிறைந்து ஒன்றாகக் குமிழ் விட்டன. அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பின் வரிசையில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

எழுந்த செல்களைத் திரும்ப வண்டிக்குள் இறக்கினோம். பாதிச் செல்லோடு வண்டி ஓடுமா? ஓடும், பாதி வேகத்தில். சுமை இழுக்குமா என்பதுதான் சந்தேகம்.

கப்பல் வரும் நாள் நெருங்கியதும் மானேஜர் முற்றத்தில் வந்து நின்றார். வண்டியில் பொதிகளை ஏற்றச் சொன்னார். அத்தான் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பலகையில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. முற்றத்தின் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

நான் ஓடிப் போய் மூடியைத் தூக்குவதற்குள், அத்தானே இறங்கி ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தார். "சுடுது மாப்ள, இது லூஸு" என்றார். முறுக்கினேன். திரும்பவும் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பி வாசல் வரைக்கும் போய், வளைந்து, மானேஜர் முன்னால் வந்து நின்றது.

"எறும்பு முந்திரும் போலருக்கே" என்றார் மானேஜர். ஆனால் சிரித்தார். "மெட்ராஸ்லருந்து பின் வரிசைக்குப் புதுசு வரவழைப்போம். அது சரி, முன்னால உள்ளது மட்டும் எப்படிய்யா பொழைச்சுது? கெட்டிக்காரன்தான் நீ."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "இவன் இல்ல சார். எம் பொண்டாட்டி. இத்தனை வருசமும் அவதான் குடிக்கிற தண்ணிய ஊத்திக் காப்பாத்திருக்கா."

எனக்குத் திக்கென்றது. கேட்காமல் கொட்டகைக்குள் போய்ப் பேட்டைச் சாமானில் கை வைத்தவள் என்று அவளையே வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? மானேஜர் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, குடிக்கிற தண்ணியையா ஊத்தின?"

அக்காள் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "இதுவும் செத்துட்டா அவுக வேற எங்கன சார் போவாக?"

மானேஜர் அத்தானிடம், "திங்கக்கிழமையிலேருந்து வந்துரு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

அத்தான் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. வழிய விட்டுக்கொண்டே, "ஏளா, ஏறு" என்றார். அக்காள் "போங்க அங்கிட்டு" என்று பின்வாங்கினாள். பஞ்சு பொறுக்கும் பெண்கள் சும்மா விடுவார்களா? இரண்டு பேர் கையைப் பிடித்து, இரண்டு பேர் பின்னால் தள்ளி, பொதி மேல் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் ஒரு கையால் பொதியையும் மறு கையால் வாயையும் பொத்திக்கொண்டு போனாள். ஆபீஸ் படியில் நின்று திரும்பிப் பார்த்த மானேஜர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.