புது ஃபேன் மாட்டிய ஞாயிறு

ஒரு சித்திரை மாதத்தில் அத்தையின் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தானாக அணைந்துபோக ஆரம்பித்தது. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினோரு மணிக்கு மேல் எங்களாலேயே உள்ளே இருக்க முடியாது. அது பாவம், என்ன செய்யும்.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாதென்று, ஒரு பெட்டித் துணியும் அந்தக் கம்ப்யூட்டருமாகச் சேலத்திலிருந்து வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை தயார்செய்து கொடுப்பாள். கன்னடமும் தெலுங்கும் அவளுக்குப் பேச வராது. ஆனால் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்துப் பிசகில்லாமல் அடித்துவிடுவாள். பாகலூரிலிருந்தெல்லாம் ஆள் வரும்.

ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பி வந்துவிட்டாள் என்று அப்பாவுக்குக் கோபம். அவளோடு நேராகப் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்ன, பெட்டிக்குள் மாட்டுகிற பெரிய ஃபேனைத் தாமே வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"பாப்பா, அத்தைய அந்தப் பெட்டிய ஆஃப் பண்ணச் சொல்லு. நானே மாட்டிடறேன்."

அப்பா ஒரு தொழிற்சாலையில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை பார்த்தார். தலைமுடியின் கனத்தில் பாதி பிசகினாலும் செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிடுவாராம். நான் டார்ச் பிடித்தேன். பழைய ஃபேனைக் கழற்றினார், சூட்டை இழுக்க அதன் அடியில் தடவியிருந்த வெள்ளைப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் ஒரு கம்பிக் கிளிப் மட்டும் கொக்கியில் மாட்டாமல் சண்டித்தனம் செய்தது. ஸ்க்ரூ டிரைவரை அதன்மேல் வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். சரக்கென்று வழுக்கி, எல்லா ஒயரும் வந்து சேர்கிற பச்சைப் பலகையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

இரண்டாவது தடவையில் கிளிப் மாட்டிக்கொண்டது. ஸ்விட்சைப் போட்டதும் புது ஃபேன் அழகாகச் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அப்பா ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். பிறகு அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இது முன்னாடியே போயிருச்சுண்ணா" என்றாள் அத்தை. "காலைலயே ஆன் ஆகல. நான்தான் சொல்லல."

"பொய்!" என்றேன். "காலைல நான் கேம் ஆடினேனே!"

அத்தை என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்திரிகை என்னிக்குக் குடுக்கணும்?" என்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"செவ்வாக்கிழமைண்ணா. பாகலூர்க்காரங்களோடது. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத அப்பா மறுநாள் லீவு போட்டார். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்தார். அத்தையும் வந்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். பலகை தேறாது, உள்ளே இருக்கிற வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடையில் சொன்னார்கள். கடையிலிருந்த வேறொரு பழைய பலகையைப் போட்டு, சாயங்காலத்துக்குள் ஓட வைத்துக் கொடுத்தார்கள். பத்திரிகை ஒரு நாள் தாமதமாகத்தான் போனது.

திரும்பி வரும்போது எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா ஏதோ மெதுவாகக் கேட்க, அத்தை சேலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கம்ப்யூட்டர்தான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று இருந்தது எனக்கு. கிள்ளிய இடம் வேறு கன்றிப் போயிருந்தது. நான் சொன்னதுதான் நிஜம் என்று யாராவது ஒத்துக்கொள்ள வேண்டாமா?

"அப்பா, நேத்துக் காலைல அது நல்லாத்தான் ஓடுச்சு" என்றேன்.

"தெரியும் பாப்பா" என்றார்.

தெரிந்திருந்தும் அத்தையை ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று அத்திப்பள்ளி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.